பின்பக்க பாத்ரூமும் பலகை அடிச்ச வெண்டிலேட்டரும்: குன்னூர் வாடகை வீடு ஒண்ணுல நடந்த கேஸ் கீசர் விபத்து

வீடும் ஆட்களும்

குன்னூர் நகராட்சி எல்லைக்குள்ள, ரோட்டுல இருந்து படி இறங்கிப் போற சரிவுல இருக்கிற பழைய வீடு. ஓட்டுக்கூரை, உள்ள மரப்பலகை சீலிங், ஒரே வீட்டை மூணு போர்ஷனா தடுத்து வாடகைக்கு விட்டிருக்காங்க. ஓனர் ரிட்டயர்டு டீச்சரம்மா, கோயம்புத்தூர்ல பையன் வீட்டோட இருக்காங்க, வருஷத்துல ஒரு தடவை மேல ஏறி வந்தாலே பெரிய விஷயம். வாடகை ஜிபேல போயிடும், ரிப்பேர்னா போன்ல பேசிக்குவாங்க. நான் இந்த மாதிரி வெளியூர் ஓனர்களோட வீடுங்களை மெயின்டனன்ஸ் பார்த்துக் குடுக்கிறவன், இந்த வீடு விபத்துக்கு அப்புறம்தான் என் கைக்கு வந்துச்சு. ரெண்டு தரப்பும் பேரும் ஏரியாவும் போடாம எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க.

நடு போர்ஷன்ல நாலு பேர். அப்பா பிக்கப் வண்டி ஓட்டுறார், காய்கறி லோடு ஏத்திக்கிட்டு விடியறதுக்கு முன்னாடியே மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிடுவார். அம்மா ஒரு பேக்கரியில வேலை. அப்பாவோட அம்மா, பாட்டி, 70 தாண்டினவங்க. பொண்ணு பிளஸ் டூ.

அக்ரிமென்ட் வழக்கம்போல 11 மாசம், 20 ரூபா பத்திரத்துல டைப் அடிச்சு கையெழுத்து, அதுக்கப்புறம் புதுப்பிக்கவே இல்ல. 11 மாசம் போட்டா ரிஜிஸ்டர் பண்ண வேண்டாம்னு ஒரு நம்பிக்கை இங்க எல்லாருக்கும் இருக்கு. அது பழைய பத்திரப்பதிவு சட்டத்துல இருந்து வந்த பழக்கம். 2017ல தமிழ்நாட்டுல நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் போட்டு 2019 பிப்ரவரி 22ல இருந்து அமல்ல இருக்கு, அதுப்படி எத்தனை மாசமா இருந்தாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவும் பண்ணணும். இந்த வீட்டு அக்ரிமென்ட்ல வாடகை, அட்வான்ஸ், கரண்ட் பில் யாரு கட்டணும், ஆணி அடிக்கக் கூடாது, இவ்ளோதான் இருந்துச்சு. வெந்நீரைப் பத்தி ஒரு வரி கிடையாது. குன்னூர்ல வீடு விடுறவங்க, கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊர்ல, வெந்நீர் எங்கிருந்து வரும்னு எழுதாம விட்டா, அந்த வேலையை வாடகைக்கு வந்தவன் அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி பார்த்துக்குவான், இங்க அதுதான் நடந்துச்சு.

வெந்நீர் ஏற்பாடு எப்படி மாறிச்சு

முதல்ல பின்பக்கம் வெளியில ஒரு விறகு பாய்லர் இருந்துச்சாம், மேல தகரம் போட்ட சின்ன கொட்டாய். ஒரு மழைக்கு கொட்டாய் சாஞ்சிடுச்சு, விறகும் கிடைக்கிறது கஷ்டம், டீச்சரம்மா பாய்லரை பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. அப்புறம் குடும்பம் எலக்ட்ரிக் கீசர் வைக்கலாமான்னு கேட்டிருக்கு. வீட்டு ஒயரிங் பழசு, பாத்ரூம்ல ஒரு லைட் பாயின்ட் மட்டும்தான், 2 கிலோவாட் கீசர்னா 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும், அந்த ஒயர் தாங்காது. புது லைன் இழுக்கணும்னதும் ஓனர் பக்கம் "இப்போதைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, வேணும்னா கேஸ் கீசர் நீங்களே வாங்கி மாட்டிக்கோங்க"ன்னு சொல்லிட்டாங்க. கேட்கிறதுக்கு நியாயமான பதில் மாதிரிதான் இருக்கும்.

பஜார்ல ஒரு 6 லிட்டர் கேஸ் கீசர் (நிமிஷத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் குடுக்கிறது) வாங்கினாங்க. மாட்ட வந்தவர் பைப் கம்மியா ஆகும்னு பாத்ரூம் உள்சுவர்லயே மாட்டிட்டுப் போயிட்டார். பாத்ரூம் 4 அடிக்கு 5 அடி, உயரம் 8 அடி. சமையலறைக்குள்ள திறக்கிற மாதிரி ஒரு கதவு, வெளிச்சுவர்ல தலைக்கு மேல ஒரு கண்ணாடி லூவர் வெண்டிலேட்டர், அவ்ளோதான்.

அந்த வெண்டிலேட்டர் கதை தனி. லூவர் கண்ணாடி ரெண்டு உடைஞ்சு குரங்கு உள்ள வந்து சோப்பு, எண்ணெய் பாட்டில்னு எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சிடுச்சு. குன்னூர்ல இருக்கிறவங்களுக்கு இது புதுசில்ல. கண்ணாடி மாத்தி வலை அடிச்சுக் குடுங்கன்னு அம்மா ரெண்டு தடவை வாட்ஸப்ல போட்டோவோட அனுப்பியிருக்காங்க, "பார்க்கலாம்மா"ன்னு பதில் இருக்கு, நானே பார்த்தேன். ஐப்பசி மழையில சாரல் உள்ள அடிக்கவும் அப்பா ஒரு பிளைவுட் பலகையை வச்சு ஆணி அடிச்சு, மேல பழைய ஃப்ளெக்ஸ் பேனரை மடிச்சு டேப் ஒட்டிட்டார். குளிர் குறைஞ்சிடுச்சு, குரங்கும் வரல, பிரச்சினை தீர்ந்துச்சுன்னு எல்லாருக்கும் நிம்மதி. ஓனருக்கும் அதுக்கப்புறம் மெசேஜ் வரல.

முன்னாடியே தெரிஞ்ச அறிகுறிகள்

பலகை அடிச்ச ஒரு மாசத்துல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வீட்டுல தலைவலி வர ஆரம்பிச்சிருக்கு. எண்ணெய் தேச்சுக் குளிக்கிற நாள், ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போவாங்க, தலைமுடி அலச நேரம் ஆகும். பொண்ணு குளிச்சிட்டு வந்து கண்ணைக் கட்டுதுன்னு படுத்துக்குவா. பாட்டிக்குக் குமட்டல். பித்தம், ஈரத்தலை, வெயில் இல்லாதது, பரீட்சை டென்ஷன், இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கிட்டாங்க. வெளியில காத்தாட உக்காந்தா அரைமணியில சரியாயிடும், அதனால டாக்டர்கிட்டயும் போகல.

அப்பாவுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. அவர் மண்டியில இருந்து திரும்பி மத்தியானம் குளிப்பார், காலையில மத்தவங்க குளிச்ச பாத்ரூம் அதுக்குள்ள கதவு திறந்து காத்து மாறியிருக்கும், அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுவார். அதனால "எனக்கு ஒண்ணும் ஆகலையே, உங்களுக்கு மட்டும் என்ன"ன்னு கேட்டிருக்கார். ஒரே வீட்டுல பல பேருக்கு ஒரே மாதிரி தலைவலி, ஒரே நேரத்துல வருது, வெளியில போனா போயிடுது, இந்த மூணும் சேர்ந்தா கார்பன் மோனாக்சைடுன்னு, அதாவது காத்து பத்தாம எரியிற தீயில இருந்து வர்ற விஷவாயுன்னு சந்தேகப்படணும். அது அப்போ அந்த வீட்டுல யாருக்கும் தெரியாது, இப்பவும் இந்த மலையில பாதிப் பேருக்குத் தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு, கீசர் ஜன்னல்ல தெரியிற தீ நீலமா இருந்தது மஞ்சளா மாறியிருந்திருக்கு, மேல சுவத்துல கரி படிஞ்சிருக்கு. அம்மா அந்தக் கரியை ரெண்டு மூணு தடவை தேச்சுக் கழுவியிருக்காங்க.

பொங்கல் அன்னைக்குக் காலையில

பொங்கல் நாள், விடியறதுக்கு முன்னாடி எல்லாரும் தலைக்குக் குளிக்கணும். வெளிய மூடுபனி, முன்கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு, பாத்ரூம் கதவுக்கு அடியில குளிர் வருதுன்னு ஒரு சாக்கு மிதியடி வேற. முதல்ல பாட்டி, அப்புறம் அம்மா, மூணாவது பொண்ணு. அம்மா சமையலறையில நின்னுக்கிட்டே தலை சுத்துதுன்னு சொன்னதா ஞாபகம்ங்கிறாங்க. தண்ணி விழுற சத்தம் மட்டும் ரொம்ப நேரமா ஒரே மாதிரி கேட்டுட்டே இருக்கு, கூப்பிட்டா பதில் இல்ல. அன்னைக்கு லோடு இல்லாததால அப்பா வீட்டுல இருந்தார், தோள் குடுத்து தாழ்ப்பாளை உடைச்சுட்டார். பொண்ணு கீழ விழுந்து கிடக்கா, கை கால் இழுக்குது.

பாட்டி வலிப்புன்னு சாவிக்கொத்தை எடுத்து கையில திணிச்சிருக்காங்க. ஆனா அப்பா நிக்காம போர்வையில சுத்தித் தூக்கிட்டு வாசத் திண்ணைக்கு வந்துட்டார், குளிர்ல வைக்காதேன்னு மத்தவங்க கத்தியும் கேக்கல. ஏன் வெளிய தூக்கிட்டு வந்தீங்கன்னு பின்னாடி கேட்டேன், "உள்ள எனக்கே மூச்சு முட்டிச்சுண்ணா, அவ்ளோதான்"னார். அந்தப் பொண்ணைக் காப்பாத்தினது முதல்ல அதுதான். கதவைச் சாத்தி கம்பளி போர்த்தி உள்ளயே படுக்க வச்சிருந்தா கதை வேற. கீசரை அம்மா நிறுத்தினாங்க, சிலிண்டர் ரெகுலேட்டரை பக்கத்து போர்ஷன்காரர் மூடினார், 108க்குப் போன் போச்சு.

ஆஸ்பத்திரியில

வலிப்பு வந்துச்சுன்னுதான் வீட்டு ஆளுங்க சொன்னாங்க, விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் 97 காட்டிச்சு, அதனால முதல் கொஞ்ச நேரம் வலிப்பு வழியிலயே யோசனை போச்சு. டியூட்டியில இருந்த டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டாங்க, "எங்க விழுந்தா? குளிக்கும்போதா? வீட்டுல என்ன கீசர்?" அடுத்து, "வேற யாருக்காவது தலைவலி இருக்கா?" அம்மா கை தூக்கினாங்க. உடனே பொண்ணுக்கு முழு ஆக்சிஜன் மாஸ்க், அம்மாவுக்கும் பாட்டிக்கும் கூட.

ஆக்சிமீட்டர் விஷயத்தை கொஞ்சம் விளக்கணும், ஏன்னா கொரோனாவுக்கு அப்புறம் வீட்டுக்கு வீடு அது இருக்கு, நம்பரைப் பார்த்து ஜனங்க ஏமாந்துடுறாங்க. கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். அது பிடிச்ச ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் பிடிச்சது மாதிரியே சிவப்பா இருக்கும், சாதா ஆக்சிமீட்டருக்கு ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. அதனால மூளைக்கு ஆக்சிஜன் போகாத நேரத்துலயும் 97, 98னு நல்ல பிள்ளையா நம்பர் காட்டும்.

ரத்தத்துல அளவு பார்க்கிற டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம ஆக்சிஜன் வச்சதுக்கும் காரணம் இருக்கு. சாதாரண காத்துல இந்த விஷம் பாதியா குறைய 4, 5 மணி நேரம் ஆகும், முழு ஆக்சிஜன்ல ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துல பாதியாகும். சீக்கிரம் ஆரம்பிச்சா அவ்ளோ லாபம், லேட்டா எடுக்கிற ரத்தத்துல அளவு கம்மியா வந்தா அதனால விஷம் ஏறவே இல்லைன்னு ஆயிடாது. தலைக்கு ஸ்கேன் எடுத்தாங்க, கோளாறு இல்ல. வலிப்பு மாத்திரை ஆரம்பிக்கல. மறுநாள் டிஸ்சார்ஜ், ஆனா ஒரு மாசம், ஒன்றரை மாசம் வரைக்கும் மறதி, நடையில தடுமாற்றம், குணத்துல மாற்றம் ஏதாவது தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பினாங்க, இந்த விஷம் தேறின மாதிரி இருந்துட்டு சில வாரம் கழிச்சும் வேலை காட்டுமாம். இப்படி பாத்ரூம்ல விழுறதுக்கு டாக்டர்ங்க கேஸ் கீசர் சிண்ட்ரோம்னே பேர் வச்சிருக்காங்க. வலிப்புன்னு நினைச்சு வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடுறவங்க உண்டுன்னு அந்த டாக்டரம்மாதான் சொன்னாங்க.

வீட்டைப் போய்ப் பார்த்தப்போ

மூணாவது நாள் டீச்சரம்மா பையன் எனக்குப் போன் பண்ணார், "சார் கொஞ்சம் போய்ப் பார்த்து என்ன ஏதுன்னு சொல்லுங்க, நம்ம மேல தப்பு வருமா"ன்னு. முதல் கேள்வியே அதுதான். சரி, அவர் பயம் அவருக்கு.

கேஸ் லீக் ஆயிருக்கும்னுதான் அக்கம்பக்கம் முழுக்கப் பேச்சு. லீக் இல்ல. சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தேன், எந்த ஜாயின்ட்லயும் நுரை வரல. லீக்னா நாத்தம் வரும், எல்பிஜியில அதுக்குன்னே வாசனை கலக்குறாங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, நிறமும் இல்ல, அது எரியாத கேஸ்ல இருந்து வர்றதில்ல, காத்து பத்தாம அரைகுறையா எரியிற கேஸ்ல இருந்து வருது.

கணக்குப் போட்டுக் காட்டினாதான் ஓனர் பையனுக்குப் புரிஞ்சுது, அவர் இன்ஜினியர். அந்த பாத்ரூமோட கொள்ளளவு 160 கன அடி, அதாவது சுமார் 4.5 கன மீட்டர். 6 லிட்டர் கேஸ் கீசர் முழு தீயில ஓடினா மணிக்கு முக்கால் கிலோவுக்கு மேல எல்பிஜி எரிக்கும். ஒரு கிலோ எல்பிஜி ஒழுங்கா எரிய 15 கிலோவுக்கு மேல காத்து வேணும். கடல் மட்டத்துல அது 12, 13 கன மீட்டர், குன்னூர் உயரத்துல காத்தோட அழுத்தம் கீழ இருக்கிறதுல 80 சதவீதம் அளவுதான், அதனால அதே எடை காத்துக்கு இன்னும் அதிக கன மீட்டர் வேணும். பத்து நிமிஷம் ஓடினா ரெண்டு கன மீட்டருக்கு மேல காத்தைத் தின்னுடும். மூணு பேர் அடுத்தடுத்து தலைக்குக் குளிச்சா அரைமணி. வெண்டிலேட்டர்ல பலகை, கதவுக்கு அடியில சாக்கு. உள்ள எரிஞ்ச புகைக்காத்தே திரும்பத் திரும்ப பர்னருக்குப் போகுது, தீ மஞ்சளாகுது, பர்னர்ல கரி அடைக்குது, அது இன்னும் காத்தைக் குறைக்குது.

சிலிண்டர் வெளிய படிக்கட்டுக்கு அடியில இருந்துச்சு, அது நல்லதுதான். ரப்பர் டியூப் அஞ்சு வருஷக் கெடு தாண்டியிருந்துச்சு, மாத்தச் சொல்லிட்டேன்.

எர்த் பார்த்தது தற்செயல். எலக்ட்ரிக் கீசருக்கு மாறலாம்னு பேச்சு வந்ததால லைனைத் தேடிட்டுப் போனேன், அந்தக் காலத்துல எர்த் ஒயரை இரும்பு தண்ணிப் பைப்ல கட்டிவிட்டிருக்காங்க. சில வருஷம் முன்னாடி துரு பிடிச்ச பைப்பைப் பாதியில வெட்டி பிளாஸ்டிக் பைப் போட்டப்போ எர்த் அங்கேயே செத்துப்போச்சு. மூணு போர்ஷனுக்கும் எர்த் இல்ல, யாருக்கும் தெரியாது. பிளம்பர் பிளம்பிங் வேலைதான் பார்த்தார், அவரைக் குறை சொல்லவும் முடியல. பழைய வீடு வச்சிருக்கிறவங்க, பைப் மாத்தின ஞாபகம் இருந்தா ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து பார்த்துடுங்க.

கட்டிலுக்கு அடியில இன்னொண்ணு கிடைச்சுது, பாட்டியோட கரி அடுப்பு. மார்கழி, தை ராத்திரியில கரியை வெளிய பத்த வச்சு, புகை அடங்கி கங்கு சிவந்ததும் ரூமுக்குள்ள கொண்டுவந்து வச்சுட்டுத் தூங்குவாங்களாம். "புகையே வராதுப்பா, நாங்க காலங்காலமா இப்படித்தான்"னாங்க. புகை வராததுதான் ஆபத்து, கங்கா இருக்கிற கரிதான் கார்பன் மோனாக்சைடை அதிகமா விடும். ஊட்டியிலயும் கொடைக்கானல்லயும் குளிருக்குக் கரி மூட்டி ரூமைச் சாத்தித் தூங்கி எழுந்திருக்காம போனவங்க செய்தி வந்துக்கிட்டேதான் இருக்கு. காலங்காலமான்னு பாட்டி சொன்னதும் பொய்யில்ல, அப்போ ஓட்டு இடுக்குல, பலகை இடுக்குல காத்து போச்சு, இப்போ எல்லா இடுக்கையும் நாமதான் அடைச்சு வச்சிருக்கோம்.

யாரு பொறுப்புங்கிற சண்டை

பேச உக்காந்தப்போ ஓனர் பையன், "கீசர் அவங்க வாங்கினது, அவங்க மாட்டினது, பலகை அடிச்சதும் அவங்க"ன்னார். அப்பா, "வெண்டிலேட்டரைச் சரி பண்ணிக் குடுத்திருந்தா நான் ஏன் சார் பலகை அடிக்கிறேன், கரண்ட் லைன் குடுத்திருந்தா நான் ஏன் கேஸ் வாங்குறேன்"னார். டீச்சரம்மா ஸ்பீக்கர்ல, பாவம், "பிள்ளை எப்படி இருக்கா"ன்னுதான் கேட்டுட்டே இருந்தாங்க.

2017 சட்டத்தோட ரெண்டாம் அட்டவணையை எடுத்துப் படிச்சோம். கட்டட அமைப்பு சம்பந்தமான ரிப்பேர், வெள்ளையடிக்கிறது, பைப் மாத்துறது, உள் வெளி ஒயரிங், இதெல்லாம் ஓனர். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பிளக், ஜன்னல் கண்ணாடி மாத்துறது, கொசுவலை, அப்புறம் கீசர் ரிப்பேர், இதெல்லாம் வாடகைக்கு இருக்கிறவர். அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதிக்கலைன்னா இதுதான் கணக்கு. படிச்சு முடிச்சதும் ரெண்டு பேர் முகமும் மாறிச்சு. உடைஞ்ச லூவர் கண்ணாடியும் கீசரும் குடும்பத்தோட பொறுப்பு, அவங்க ஓனருக்காகக் காத்திருந்த கண்ணாடியே சட்டப்படி அவங்க மாத்த வேண்டியது. அதே நேரம் லைன் இழுக்கிறதும் எர்த்தும் முழுக்க முழுக்க ஓனரோடது, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஓனர் செய்ய வேண்டிய ரிப்பேரைச் செய்யலைன்னா வாடகைக்கு இருக்கிறவர் தானே செஞ்சு வாடகையில கழிச்சுக்கலாம், ஒரு மாசத்துல பாதி வாடகைக்கு மேல கழிக்கக் கூடாது, இதுவும் சட்டத்துல இருக்கு. அப்பாவுக்கு அது புதுச் செய்தி.

என் கருத்து, அந்த அட்டவணை யாரு செலவு பண்ணணும்னு சொல்லுது, மூடின பாத்ரூம்ல கேஸ் கீசர் இருக்கவே கூடாதுன்னு அதுல எங்கயும் இல்ல. கீசர் ஒருத்தரோடது, சுவர் இன்னொருத்தரோடது, கீசருக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற காத்து யாரோடதும் இல்லாம போச்சு. அந்த வீட்டுல எல்லாரும் அவங்கவங்க பங்கை மட்டும் பார்த்தாங்க, அதனாலதான் மூணு வருஷம் யாரும் அந்த பாத்ரூமை முழுசா ஒரு தடவை நின்னு பார்க்கல.

எடுத்த முடிவும் காரணமும்

புது கேஸ் கீசர் அதே இடத்துல மாட்டலாம்னு அப்பா சொன்னார், பழசு கெட்டுப்போச்சுன்னு அவர் நினைப்பு. வேண்டாம்னேன். புது பர்னர் கொஞ்ச நாள் நல்லா எரியும், ஆனா ரூம் அதே ரூம்தான்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா போதும்னு ஓனர் பையன். ஃபேன் நல்லதுதான், ஆனா உயிரை அதை நம்பி விட முடியாது. கரண்ட் போனா ஃபேன் நிக்கும், கேஸ் கீசர் பேட்டரியில பத்தி எரிஞ்சுக்கிட்டே இருக்கும். குன்னூர்ல மழைக்காலத்துல மரம் விழுந்து கரண்ட் போறது எத்தனை தடவைன்னு சொல்லத் தேவையில்ல. அதோட சுவிட்ச் போட மறந்தா அவ்ளோதான்.

கீசரை வெளிச்சுவத்துக்கு மாத்தி, வெந்நீர் பைப்பை மட்டும் உள்ள விடலாம். இதுதான் சரியான முறை, செலவும் கம்மி. ஆனா இந்த வீட்டுல பின்சுவர் பள்ளத்தாக்கைப் பார்த்து இருக்கு, காத்து நேரா அடிக்கும், தீ அணைஞ்சுக்கிட்டே இருக்கும், கடைசியில யாராவது ஒரு மழையில அதை மறுபடி உள்ள கொண்டுபோய் மாட்டுவாங்க. அதனால தற்காலிகமா மட்டும் தகர மறைப்பு வச்சு வெளிய மாட்டினோம், அதுவும் சர்வீஸ் ஆளை வரவழைச்சு பர்னரைச் சுத்தம் பண்ணி நீலத்தீ வந்த அப்புறம்.

நிரந்தரத்துக்கு எலக்ட்ரிக் ஸ்டோரேஜ் கீசர். புது எர்த் குழி, பாத்ரூமுக்குத் தனி லைன் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், தனி எம்சிபி (லோடு மீறினா தானா விழுற சுவிட்ச்), மெயின்ல 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்). 15 லிட்டர் போதுமான்னு பேசினோம், பத்தாது. இங்க குழாய்த் தண்ணி குளிர்காலத்துல ரொம்ப ஜில்லுன்னு வரும், 15 லிட்டர் கொதிச்ச தண்ணியில பச்சைத்தண்ணி கலந்தா ஒன்றரை பக்கெட்தான் தேறும், 25 லிட்டர்னா ரெண்டரை பக்கெட். ஆனா மறுபடி சூடாக முக்கால் மணி நேரம். ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் குளிக்கிற பழக்கம் மாறியாகணும்.

லைன், எர்த், ஆர்சிசிபி, வெண்டிலேட்டர் ஃப்ரேம், இதெல்லாம் ஓனர் செலவு. கீசர் குடும்பத்தோட செலவு, காலி பண்ணும்போது கழட்டிட்டுப் போகலாம். கண்ணாடியும் குரங்கு வலையும் சட்டப்படி குடும்பத்தோடது, ஆனா மேஸ்திரி வந்திருக்கும்போதே சேர்த்துப் போட்டுடுங்கன்னு டீச்சரம்மா சொல்லிட்டாங்க. சமையலறைச் சுவத்துல கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு ரெண்டு காத்துத் துவாரம் போடணும்னதுக்கு, "சுவரைத் தொட்டா நகராட்சியில இருந்து வந்து நிப்பாங்க சார், மலையில கட்டட ரூல்ஸ் எல்லாம் கடுமை"ன்னு பையன் தயங்கினார். மேஸ்திரி சிரிச்சுட்டார். சாப்பாட்டுத் தட்டு அளவு ஓட்டைக்கு எந்த ஆபீஸ்ல இருந்தும் யாரும் வந்து அவர் பார்த்ததில்லையாம்.

அதுக்கப்புறம்

வேலை முடிய மாசி பாதியாயிடுச்சு, எலக்ட்ரீஷியன் சீசன் வேலைக்குப் போயிட்டார். பொண்ணு பிளஸ் டூ பரீட்சை எழுதினா, முதல் ரெண்டு வாரம் படிச்சது நிக்கலைன்னு அழுதிருக்கா, அப்புறம் சரியாச்சு, ரிவ்யூவுக்கு ரெண்டு தடவை கூட்டிட்டுப் போனாங்க. ஞாயித்துக்கிழமைத் தலைவலி போயே போச்சு. பாட்டிதான் சமாதானமாகல, "குளிச்சிட்டு வந்தா அடுத்தவ முக்கால் மணி நேரம் காத்திருக்கா, இது ஒரு வெந்நீரா"ன்னு. கரி அடுப்புக்குப் பதிலா ரப்பர் வெந்நீர்ப் பை வாங்கிக் குடுத்தாங்க. அடுப்பு இன்னும் வீட்டுலதான் இருக்கு, வெளிய திண்ணையில.

ஓனர் பக்கம் அடுத்த தடவை வாடகையை 500 ஏத்தினாங்க, வேலைக்குச் செலவானதை இப்படி வசூல் பண்றாங்கன்னு அப்பா முணுமுணுத்தார், நான் ரெண்டு பக்கமும் பேசல. அக்ரிமென்ட் புதுசா எழுதி வாடகை அதிகாரிகிட்ட ஆன்லைன்ல பதிவு பண்ணியாச்சு.

மேல் போர்ஷன்ல கேஸ் கீசரே இல்ல, ஹீட்டர் ராடு. எர்த் வந்ததுல அவங்களுக்குத்தான் பெரிய லாபம். கீழ் போர்ஷன்ல அதே மாதிரி பாத்ரூம் உள்ள கேஸ் கீசர். அந்தத் தம்பி தனியா இருக்கார், ஐடி வேலை, "அண்ணா நான் ஜன்னல் திறந்து வச்சுதான் குளிக்கிறேன்"னு சொல்லி மாத்த ஒத்துக்கல. அவர் காசு போட்டு வாங்கின சாமானை நான் கழட்ட முடியாது. ஓனர் 24 மணி நேரம் முன்னாடி சொல்லிட்டு உள்ள வந்து பார்க்கிறதுக்கு சட்டத்துல இடம் இருக்கு, அதை வச்சு டீச்சரம்மா பையன் நேர்ல வந்து பார்த்தார், ஜன்னல் சாத்தித்தான் இருந்துச்சு.

இனிமே மாத்திச் செய்யிறது

நான் பார்த்துக்கிற எல்லா வீட்டு அக்ரிமென்ட்லயும் இப்போ ஒரு பக்கம் கூட சேர்க்கிறேன். வெந்நீருக்கு என்ன ஏற்பாடு, அதை யாரு வச்சது, எங்க வச்சது, எர்த் எப்போ அளந்தது, எந்தெந்த ஜன்னலும் வெண்டிலேட்டரும் அடைக்கக் கூடாதது. கேஸ் கீசர் பாத்ரூம் உள்ள கூடாது, ரூம்ல கரி மூட்டக் கூடாது. வெண்டிலேட்டர் உடைஞ்சா, செலவு யாருதுங்கிறது அப்புறம், ஒரு வாரத்துக்குள்ள வலை அடிச்சாகணும், யாரு முதல்ல ஆளைக் கூப்பிட்டாலும் கணக்கைப் பின்னாடி பார்த்துக்கலாம்னு ஒரு வரி. இந்த வரிக்குத்தான் ஓனருங்க அதிகமா எதிர்ப்பு சொல்றாங்க, பில்லை நீட்டிடுவாங்கன்னு பயம். ஆயிரம் ரூபா வரம்பு போட்டா ஒத்துக்கிறாங்க.

சோதனைக்கு ஐப்பசி மழை தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை போறேன், ஏன்னா ஓட்டை அடைக்கிற வேலை எல்லாம் அந்த மழையிலதான் நடக்குது. கோடையில போய்ப் பார்த்தா எல்லா ஜன்னலும் திறந்துதான் இருக்கும், ஒண்ணும் தெரியாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் பேட்டரியில ஓடுறது ஆன்லைன்ல கிடைக்குது, கேஸ் லீக் அலாரம்னு விக்கிறது வேற, அது இந்த விஷத்தைக் கண்டுபிடிக்காது, வாங்கும்போது பார்த்து வாங்கணும். இந்த வீட்டு சமையலறையில ஒண்ணு மாட்டியிருக்கோம். கேஸ் நாத்தம் வந்தா கூப்பிட 1906, ஆள் மயங்கிட்டா 108, ரெண்டையும் ஃப்யூஸ் பாக்ஸ் கதவுல பெயின்ட்ல எழுதிட்டேன்.

கீழ் போர்ஷன் தம்பிக்கு எழுத்துல நோட்டீஸ் குடுத்தாச்சு, பதிவுத் தபால்ல. அவர் சித்திரையில காலி பண்ணிட்டு பெங்களூர் போறாராம். அதுக்கு முன்னாடி கீசரை வெளிய மாத்த டீச்சரம்மா பையன் தன் காசுலயே மேஸ்திரிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டார், தம்பி சாவி குடுக்க நாள் சொல்லணும்.